அஞ்சு சீட்டா, ஏழு சீட்டா

ஜூலை 1, செவ்வாய்

வெயில். காலையிலேயே கொளுத்தல். காரின் ஏர்கோன் மறுபடி படுத்துவிட்டது, அதுவும் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலின் நட்ட நடுவில். கண்ணாடியை இறக்கினால் லோரிப் புகை, ஏற்றினால் புட்டுக்குழாய். ஷா ஆலம் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொழிற்சாலை வாசலில் நின்ற பாதுகாவலர் பையன் சிரிக்கிறான்: "என்னா அங்கிள், நீந்தி வந்தீங்களா?"

சாயங்காலம் மெக்கானிக்கிடம். கம்ப்ரஸர் போய்விட்டதாம். மாற்றலாமாம். மாற்றினால் அடுத்து கியர்பாக்ஸ் வாயைத் திறக்குமாம். "விட்ருங்கண்ணே. இது உங்களுக்கு ஒழைச்ச வரைக்கும் போதும் லா."

ஆக, புதுக் கார். எஸ்யூவி. நடுத்தர அளவு. முடிவு இல்லை, யோசனைதான். ஆனால் யோசனை வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. உற்பத்தி அட்டவணை போட வேண்டிய நேரத்தில் திருட்டுத்தனமாக கார் வீடியோ. இங்கிலீஷில் ஒருவன், மலாயில் ஒருவன், இருவரும் ஒரே காரை நேரெதிராகச் சொல்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டில் தேவியிடம் சொன்னேன்.

"எத்தன சீட்டு?"

"அஞ்சு. நாம நாலு பேருதான."

"ஏழு சீட்டும் வருதாம்ல?"

"எதுக்கு ஏழு?"

"சும்மா கேட்டேன்."

என் மனைவி சும்மா எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

ஜூலை 3, வியாழன்

மத்தியானம் பேய் மழை. கன்டீனில் மீ கோரேங், உப்புக் கூடுதல்.

முரளிக்கு ஜொகூர் மாற்றல் உறுதியாகிவிட்டது. தேவியின் தம்பி. கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கம்பெனி ஜொகூரில் புது யார்டு திறக்கிறது, ஆகஸ்டில் போயாக வேண்டும், மாட்டேன் என்றால் வேலை இல்லை. ஷிப்ட் வேலை, தொழிலாளர் விடுதியில் தங்கல். பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது.

பிள்ளைகள் இரண்டு. பவித்ராவுக்கு ஒன்பது, நிலாவுக்கு ஆறு. அவன் மனைவி கோமதி தவறிப்போய் ஒரு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவன் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் பக்கத்து வீட்டு ராணி அக்காதான் பார்த்துக்கொள்கிறார். ராணி அக்காவுக்கே முட்டி வலி. எத்தனை நாளைக்கு?

இதை தேவி சொன்ன விதம்: சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், செய்தி வாசிப்பது போல. சொல்லி முடித்ததும், "உங்களுக்கு இன்னொன்னு வேணுமா?"

சப்பாத்தியைத்தான் கேட்டாள்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 5, சனி

ஷோரூம். ஏர்கோன் இல்லாமல் போய் ஷோரூமின் ஏர்கோனில் நுழைந்ததும் எந்தக் காரைக் காட்டினாலும் வாங்கிவிடலாம் போலிருந்தது. இது அவர்கள் தந்திரமாகத்தான் இருக்க வேண்டும்.

விற்பனையாள் ஜேசன், சீனப் பையன், நல்ல சுறுசுறுப்பு. கையில் பேனா, முகத்தில் பல். முதல் கேள்வி: "பாஸ், ஃபேமிலி பெராப்பா ஓராங்?" குடும்பத்தில் எத்தனை பேர்.

நான், "அம்பாட்." நாலு.

அதே மூச்சில் தேவி, "அனாம்." ஆறு.

ஜேசனின் பேனா அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான், சட்டென்று கூரையைப் பார்த்தான். கவினுக்கு பத்து வயது, கணக்குப் புலி. விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். யாழினி காதிலிருந்து இயர்போனை எடுத்தாள். பதினாலு வயதுப் பெண் இயர்போனை எடுத்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"ஓகே ஓகே, நோ பிராப்ளம், ஃபைவ் சீட்டர் ஹேவ், செவன் சீட்டர் ஆல்சோ ஹேவ்," என்று ஜேசனே எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றினான்.

அஞ்சு சீட்டர் அழகு. ஆசையைச் சொல்லத்தான் வேண்டும். கருநீலம். பூட்டில் ஒரு குடும்பமே படுக்கலாம். உட்கார்ந்தால் ரோடு கீழே கிடக்கும் உயரம். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் என் கை கொஞ்சம் இளமையானது.

ஏழு சீட்டர் அதே கார்தான், பின்னால் ஒரு வரிசை திணித்தது. பூட் கிட்டத்தட்ட இல்லை. தேவி நேராக மூன்றாவது வரிசைக்குள் ஏறி உட்கார்ந்தாள். ஏர்கோன் காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தாள். பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். "இங்க சின்னப் பிள்ளைங்க தாராளமா ஒக்காரலாம்."

"எந்தச் சின்னப் பிள்ளைங்க?" இது யாழினி.

தேவி பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

ஜேசன் அடுத்த குண்டைப் போட்டான். இந்த மாதம் இந்தியர்கள் எல்லாரும் அவசரப்படுகிறார்களாம். "செவன்டீன்த் ஆடி ஸ்டார்ட், ரைட் பாஸ்? ஆஃப்டர் தட் யூ ஆல் டோன்ட் வான்ட் டேக் கார்." என்னைவிடப் பஞ்சாங்கம் தெரிகிறது அவனுக்கு. கி.மு., கி.பி. போல இனிமேல் எனக்கு ஆ.மு., ஆ.பி. தான்.

வீட்டுக்கு வரும் வழியில் கவின்: "ப்பா, ஆறாவது ஆளு யாரு?"

ஜூலை 6, ஞாயிறு

மந்தாரம். துணி காயவில்லை.

நாள் பூராவும் கார் பேச்சு. வாய் கார் என்கிறது, அவ்வளவுதான்.

தேவி: ஏழு சீட்டு இருந்தால் விசேஷங்களுக்கு வசதி.
நான்: பூட் இல்லாமல் சாமான் எங்கே வைப்பது?
தேவி: சீட்டை மடித்துவிடலாம்.
நான்: மடித்தால் அப்புறம் எதற்கு ஏழு?
தேவி: வேண்டும்போது விரிக்கலாம்.
நான்: எப்போதும் விரித்தே வைக்க வேண்டி வந்தால்?

இந்த இடத்தில் அவள் துவைத்த துணியை உதற ஆரம்பித்தாள். ஒவ்வொரு உதறலும் எனக்குத்தான்.

பத்து பேர் நாலு வருஷம் யோசித்திருந்தாலும் இப்படி ஒரு பாஷை கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். 'என் தம்பி பிள்ளைகளை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா' என்று அவள் கேட்கவில்லை. 'என்னால் முடியாது' என்று நானும் சொல்லவில்லை. இருவரும் சீட்டை மடித்து மடித்து விரிக்கிறோம்.

வாங்க வேண்டியவை: பாத்திரம் கழுவும் சோப்பு, கவின் பள்ளிக்குப் போட வெள்ளைச் சப்பாத்து, கொசுவத்தி.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். ஏர்கோன் இல்லாத இன்னொரு நாள். சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் ஒருவன் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறான், அவ்வளவு குளிர் அவனுக்கு. வயிறு எரிந்தது.

கன்டீனில் சுப்ரா. என் பிரிவுதான், போன வருஷம் எஸ்யூவி எடுத்தவன். "அஞ்சு சீட்டே எடு லா. ஏழு சீட்டு எடுத்தீனா சொந்தக்காரன் பூரா நம்ம காடியத்தான் பாப்பான். பத்துமலைக்கு நீதான் டிரைவர், ஏர்போர்ட்டுக்கு நீதான் டிரைவர்." இன்னும் சொல்லிக்கொண்டே போனான். நான் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

அவனிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். ஆறு பிள்ளைகள், இரண்டு சித்தப்பா, வந்தவர், போனவர். பரீட்சைக்குப் படித்தது கழிவறை வாசல் விளக்கில். அதையெல்லாம் நினைத்து உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அண்ணனே வாட்ஸ்அப்பில் உருகுகிறான். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்றுதான் நான் வளர்ந்தேன். இப்போது எங்கள் வீட்டில் மூன்று கதவு இருக்கிறது. எங்கள் இருவருக்கும் ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. யாழினி தன் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறாள், திட்டுவேன், உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

அந்தக் கதவைத்தான் கேட்கிறாள் தேவி.

முரளி பிள்ளைகள் மேல் எனக்குப் பாசம் இல்லையா? இருக்கிறது. வந்தால் தூக்குவேன், மிட்டாய் வாங்குவேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டாட்டா காட்டுவேன். அந்த டாட்டாவோடு சேர்ந்த பாசம். டாட்டா இல்லாமல் இருக்குமா என்று தெரியவில்லை. நான் கெட்டவன் இல்லை. களைத்தவன்.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் மழை. பங்சாரில் தேவியை அவள் வேலை செய்யும் பல் கிளினிக்கிலிருந்து ஏற்றினேன். ஜன்னல் திறந்தபடி வந்ததில் இருவரும் பாதி நனைந்தோம். சிரித்தாள். கொஞ்ச நாளாகச் சிரிக்காதவள் சிரித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜேசன் போன். ஏழு சீட்டரை சனியிலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை வீட்டுக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாமாம். அஞ்சு சீட்டர்தானே கேட்டேன் என்றேன். அது வேறு ஆளிடம் போயிருக்கிறதாம். "சேம் சேம் பாஸ், ஒன்லி பிஹைன்ட் டிஃபரன்ட்." பின்னால் மட்டும்தான் வேறாம். அவனுக்கென்ன.

தேவி உடனே தம்பிக்கு அடித்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினாள், என் காதால் கேட்டேன்: "சனிக்கிழம சாயங்காலம் காடி எடுத்துட்டு வரோம்டா. பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

இந்த வாக்கியத்தை இங்கே அப்படியே குறித்துவைக்கிறேன். காரணம் நாளை மறுநாள் தெரியும் என்று எழுத எனக்கு ஜோசியம் தெரியாது. (இந்த வரியும் மேலே உள்ள வாக்கியமும் சனிக்கிழமை வந்து இடையில் சேர்த்தவை.)

ஜூலை 12, சனி

வெயில், பிறகு மேகம். மழை இல்லை.

கார் வெள்ளை. ஏழு சீட்டு. காலையில் எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங் சரிவில் இறக்கிப் பார்த்தேன். தூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விரல். நிறுத்தினால் என் பக்கக் கதவு முழுசாகத் திறக்காது, வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். கவின் டேப்பை வைத்து அளந்து, "ப்பா, நீங்க மெலியணும்," என்றான்.

ஆனால் ரோட்டில்! ஏர்கோன் சத்தமே இல்லை. பள்ளம் தெரியவில்லை. பின்வரிசைகளிலிருந்து யாரும், "ப்பா, வேர்க்குது," என்று சொல்லவில்லை. கிள்ளான் வரை நான் விசிலடித்துக்கொண்டே போனதாக தேவி சொல்கிறாள்.

முரளி வீட்டுச் சந்து முனையிலேயே அவன் நின்றுகொண்டிருந்தான். வேட்டி. நெற்றியில் விபூதி. கையைக் காட்டி, வீட்டுப் பக்கம் போகாதே, இந்தப் பக்கம் திருப்பு என்றான். அந்தப் பக்கம் கோயில். கோயில் வாசலில் குருக்கள். குருக்கள் பக்கத்தில் தட்டு, தட்டில் மாலை, சந்தனம், சூடம். தரையில் ஒரு பூசணிக்காய். நான்கு எலுமிச்சம்பழம்.

அப்போதுதான் உறைத்தது. காடி எடுத்துட்டு வரோம். வண்டி எடுக்கிறது என்றால் நம் ஆட்களுக்கு வாங்குகிறது. 'ஓட்டிக்கொண்டு வருகிறோம்' என்ற அர்த்தத்தில் அவள் சொன்னதை, 'வாங்கிக்கொண்டு வருகிறோம்' என்று அவன் கேட்டிருக்கிறான். அதுவும் ஏழு சீட்டர்.

நான் இறங்கி, "முரளி, இது வந்து..." என்று ஆரம்பித்தேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கிரேன் ஓட்டுகிற கை, காப்புக் காய்த்தது. விடவே இல்லை.

"மச்சான், நான் கேக்கவே இல்ல. கேக்க வாய் வரல. நீங்களா ஏழு சீட்டு எடுத்துட்டீங்க." அதற்கு மேல் பேச முடியாமல் குருக்களைப் பார்த்து, "ஆரம்பிங்க சாமி."

தேவி என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலும் பதற்றம்தான், சத்தியமாக அவள் செய்த சூழ்ச்சி இல்லை. சொல்லிவிடு என்று கண்ணால் கேட்டேன். நீங்களே சொல்லுங்கள் என்று கண்ணால் திருப்பினாள். இரண்டு பேரும் சொல்லவில்லை.

குருக்கள் பானெட்டில் சந்தனம் குழைத்து ஓம் எழுதினார். குங்குமம் வைத்தார். மாலை. சூடம் காட்டிக் காரைச் சுற்றி வந்தார். பூசணிக்காய் சிதறியது. டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். "ஏறி ஓட்டுங்கோ. யார் பேர்ல வண்டி?"

ஷோரூம் பேரில் என்று சொல்லவா முடியும்? "குணசேகரன்," என்றேன். ராசி, நட்சத்திரம் எல்லாம் சொன்னேன். கம்பெனிக்காரன் காருக்கு என் நட்சத்திரத்தில் அர்ச்சனை நடந்தது. நான்கு பழமும் நசுங்கின. ராணி அக்கா குலவையிட்டார். முட்டி வலியோடு வந்திருக்கிறார், பாவம்.

பவித்ராவும் நிலாவும் யாரும் சொல்லாமலே மூன்றாவது வரிசைக்கு ஏறிப் போய்விட்டார்கள். அங்கிருந்து குசுகுசு, பெல்ட்டை இழுக்கிற சத்தம், சிரிப்பு. முரளி டேஷ்போர்டில் ஒரு சின்னப் பிள்ளையாரை டேப் போட்டு ஒட்டினான். நன்றாக அழுத்தி ஒட்டினான்.

இரவு பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வரும்வரை அந்தப் பிள்ளையார் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

சண்டை. இத்தனை நாள் சீட்டில் நடந்தது இன்று நேராக.

"நீங்க சொல்லியிருக்கலாம்ல அவன்கிட்ட?"

"உன் தம்பி. நீ சொல்லணும்."

"என் தம்பிதான். அதான் நான் ஆறுன்னு சொன்னேன். நீங்க நாலுன்னு சொன்னீங்க. ஏன்னு கேட்டீங்களா ஒரு வாட்டியாச்சும்?"

"கேட்டா நீ சொல்லிடுவே. சொல்லிட்டா நான் மாட்டேன்னு சொல்ற மாதிரி ஆயிடும்."

"அப்ப மாட்டேன்தானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினியின் கதவு திறந்தது. படாரென்று.

"என் ரூமுலதான படுக்கப் போறாங்க? என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா? எல்லாரும் காடி காடின்னு பேசுறீங்க. எனக்கென்ன காது கேக்காதா?"

மறுபடி படார். கவின் பயந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

தேவி அழுதாள். ஓங்கி அழுகிறவள் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேங்காய் துருவினாள். பக்கத்தில் போய் நின்றேன். "தள்ளுங்க, வெளிச்சம் மறைக்குது." சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காரை எப்படியும் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்.

முதலில் கார் கழுவும் கடை. சந்தனம் போய்விட்டது. குங்குமம் போகவில்லை. வெள்ளைப் பானெட்டில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம். கழுவுகிற ஆள் இரண்டு முறை தேய்த்துவிட்டு, "பாஸ், இனி தாக் போலே கெலுவார்," என்றான். வராது. பிள்ளையாரும் வரவில்லை. நகத்தால் நெம்பப் போய், மனசு கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஷோரூமில் ஜேசன் காரைச் சுற்றி வந்தான். டயர் இடுக்கில் எலுமிச்சம்பழத் தோல். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாஸ், யூ பிரே ஆல்ரெடி! தென் திஸ் ஒன் யுவர்ஸ் லா!" பாலிஷ் செலவை நான் தருகிறேன் என்றேன். வேண்டாமாம். பிள்ளையாரைத் தொட்டுப் பார்த்து, இருக்கட்டும், வியாபாரத்துக்கு நல்லது என்கிறான். "வென்ஸ்டே லாஸ்ட் டே பிஃபோர் ஆடி, பாஸ். யூ திங்க்."

திங்க். வேறென்ன செய்கிறேன் இத்தனை நாளாக?

வீட்டுக்கு எம்ஆர்டி ரயிலில் வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். வீட்டில் யாழினியும் தேவியும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். சமாதானம் போலிருக்கிறது. என்னோடு இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

புகைமூட்டம். தொண்டை கரகரப்பு.

தேவி முரளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். நேற்றே. அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"'பரவால்லக்கா, மச்சான ஒண்ணும் சொல்லாத'ன்னான்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளைகளை ஏதாவது சிறுவர் ஆசிரமத்தில் விடுவது பற்றி ராணி அக்காவிடம் விசாரித்திருக்கிறானாம். நல்ல இடம், பள்ளிக்கூடம் பக்கம், மாதம் ஒருமுறை பார்க்கலாம். இதையும் தேவி செய்தி வாசிப்பது போலத்தான் சொன்னாள். ஆனால் இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆசிரமம். நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன? யாராவது இருப்பார்கள், கோமதி பக்கத்து ஆட்கள், யாராவது. நாம் இல்லை என்றால் வேறு யாரோ என்று. வேறு யாரும் இல்லை. அவள் பக்கத்தில் ஒரு வயசான பெரியப்பா, அவ்வளவுதான்.

வேலையில் தப்பு. ஒரே ஆர்டரை இரண்டு தடவை அட்டவணையில் போட்டிருக்கிறேன். சுப்ரா பார்த்துத் திருத்தினான். "காடி ஞாபகமா?" என்றான். ஆமா என்றேன்.

ஜூலை 16, புதன்

ஆடிக்கு முந்தின நாள். காலையிலிருந்து ஜேசன். எடுக்கவில்லை.

அரை நாள் லீவு போட்டுக் கிள்ளான் போனேன். பழைய காரில், வியர்த்துக்கொண்டே. முரளியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை. இடம் சின்னது முரளி. யாழினிக்குப் பரீட்சை வருது முரளி. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

அவன் இல்லை. ஷிப்ட் மாறிவிட்டதாம். ராணி அக்கா தன் வீட்டு வாசலிலிருந்து, "ஒக்காருங்க தம்பி, தே ஓ போடுறேன்," என்று உள்ளே போனார். படியில் பவித்ரா, பள்ளிச் சீருடை மாற்றாமல், வீட்டுப்பாடத்தோடு. நிலா உள்ளே தூக்கம்.

பவித்ரா எழுந்து வந்து தெருவை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அந்த வெள்ளக் காடி?"

"அது நம்ம காடி இல்லம்மா. ஓட்டிப் பாக்கத்தான் குடுத்தாங்க. திருப்பிக் குடுத்தாச்சு."

"தெரியும். அப்பா சொன்னாரு." பென்சிலைக் கடித்தாள். என் பழைய காரின் பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு, பெரிய மனுஷி மாதிரி, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில்:

"சீட்டு பத்தலன்னா பரவால்ல மாமா. நானும் நிலாவும் ஒரே சீட்டுல ஒக்காந்துக்குவோம். அன்னிக்கு பின்னால போட்டுப் பாத்தோம். ஒரு பெல்ட்டு ரெண்டு பேருக்கும் பத்துது."

ராணி அக்காவின் தே ஓ வந்தது. குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

காருக்குள் போய் உட்கார்ந்தேன். அடுப்பு போல இருந்தது. கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. அழுகை வந்தது, அழுதேன். நாங்கள் இரண்டு வாரமாக சீட்டு, சீட்டு என்று பேசியதை அந்தப் பிள்ளை உண்மை என்று நம்பியிருக்கிறது. பெரியவர்களுக்குச் சீட்டுதான் பிரச்சினை என்று. அதைத் தீர்க்க வழி பார்த்திருக்கிறது.

தேவிக்கு அடித்தேன். எடுத்தாள்.

"பிள்ளைங்க நம்மகிட்ட இருக்கட்டும்."

அந்தப் பக்கம் கிளினிக்கில் யாரோ பல் குடைகிற சத்தம்.

"காடி?" என்றாள்.

"ஆவணியில பாத்துக்கலாம். அதுவரைக்கும் எங்க போனாலும் நீயும் பொம்பளப் பிள்ளைங்களும் காடில போங்க, நானும் கவினும் ரயில்ல வரோம்."

"ம்."

"தேவி, யாழினி ரூமுல அலமாரிய நகத்திட்டா ரெண்டு தட்டுக் கட்டில் ஒண்ணு நிக்குமா? நான் வந்து அளந்து பாக்குறேன். அவகிட்டயும் நானே பேசுறேன்."

"நிக்கும்," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கிழம நீங்க காடியத் திருப்பிக் குடுக்கப் போனீங்கல்ல, அப்பவே அளந்தாச்சு. யாழினிதான் டேப்ப புடிச்சா."